கடின ஜலமும் வீட்டுக் கருவிகளும் தோட்டமும்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பாகங்களில் வசிப்போர் பெரும்பாலும் இருவித ஜலத்தை உபயோகித்து வருகின்றனர். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும், 2004 முதல் வீராணம் ஏரியிலிருந்தும், 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்திலிருந்தும் நகரத்துக்கு வரும் குழாய் ஜலம் ஒன்று. வீட்டுக் கிணற்றிலோ ஆழ்குழாயிலோ இறைப்பது மற்றொன்று. பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே சம்பில் கலந்து மாடித் தொட்டிக்கு ஏறுகிறபடியால், குழாயைத் திறந்தால் வருவது எதுவென்று வீட்டாருக்கே தெரிவதில்லை. பருப்பு வேகாமலும், ஸோப்பு நுரைக்காமல் திரிந்தும் போகும்போதுதான் ஜலம் கடினமானதென்று உணர்கிறார்கள்.

மழை ஜலத்தில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. அது மண்ணினூடே இறங்குகையில் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொள்வதால் கடினமாகிறது. குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாமென்றும், வேறு ஜலம் கிடையாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாமென்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்திருக்கிறது. இதிலே காய்ச்சினால் நீங்குவது, நீங்காதது என இருவகை உண்டு. கரிப்புச் சுவை வேறு, கடினத்தன்மை வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கட்டி ஸோப்பைச் சீவி மழை ஜலத்தில் கரைத்து வைத்துக்கொள்க. ஒரே அளவான மூன்று கண்ணாடிச் சீசாக்களில் மழை ஜலம், வீட்டு ஜலம், பத்து நிமிஷம் கொதித்து ஆறித் தெளிந்த வீட்டு ஜலம் ஆகியவற்றைச் சம அளவில் ஊற்றி, ஸோப்புக் கரைசலைத் துளித்துளியாய் விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எத்தனை துளி சென்றதென்று எண்ணுக. கொதித்த ஜலத்துக்குத் துளிகள் வெகுவாய்க் குறைந்திருந்தால், கீஸரில் படிவது அந்த உப்பேயாகும். சலவைத் தூள் இதற்கு உதவாது. அது கடின ஜலத்திலும் நுரைக்கும்.

லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள ஜலத்தைத் தினம் 100 லிட்டர் காய்ச்சுகிற வீட்டில், கீஸர் வழியே நாளொன்றுக்கு 30 கிராம், வருஷத்துக்குப் பதினொரு கிலோ உப்பு செல்கிறது. அதில் ஒரு பகுதியே படியுமெனினும், படிந்த ஓடு உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மின்சாரம் வீணாவதுடன், சுருளும் அளவுக்குமேல் காய்ந்து அறுந்து போகிறது. சூடு மிகுந்தால் படிவும் மிகுமாதலால், கீஸரை 60 பாகைக்கு மேல் வைக்காதிருப்பது நலம். வெந்நீர்க் கெண்டிக்குப் புளிக்கரைசலோ எலுமிச்சம் பழச் சாறோ போதும். நம் பாட்டிமார் தவலைக்குச் செய்தது அதுவே. சலவை இயந்திரத்துக்குச் சிட்ரிக் அமிலம் உதவும்.

இனி, பலர் வாங்கி வைக்கும் சாஃப்ட்னர் கருவியைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை ஜலத்தில் விடுகிறது. கரைந்த உப்பின் மொத்தம் குறைவதில்லை. ஆகையால் கரிக்கிற ஜலத்துக்கு இதை வாங்கி ஏமாறுவோர் அநேகர். கீஸருக்கு இந்த ஜலம் உகந்தது, செடிக்கோ ஆகாதது. அடையாற்றில் ஒரு வீட்டு மாடித் தோட்டத்தில் கறிவேப்பிலை நுனி கருகி, தொட்டி மண் மேலே ஓடுபோல் இறுகி, ஊற்றிய ஜலம் இறங்காமல் நின்றதைக் கண்டோம். உரக் குறைவென்று வீட்டார் எண்ணி உரத்தின்மேல் உரமிட்டிருந்தனர். காரணம் அதுவன்று. சில மாதங்களுக்கு முன் வைத்த சாஃப்ட்னரின் ஜலமே தோட்டக் குழாய்க்கும் போய்க்கொண்டிருந்தது.

சோடியம் மிகுந்தால் களிமண்ணின் துகள்கள் பிரிந்து, கண்கள் அடைபட்டுப்போகும். கடலோர மணலில் இத்தீங்கு குறைவு. பழைய மாம்பலம் ஏரிப் படுகையில் 1920-களில் எழுந்த தியாகராய நகர் போன்ற களிப்பாங்கான இடங்களில் அதிக எச்சரிக்கை வேண்டும். கீஸருக்குச் சத்துருவாகிய ஜிப்சத்தையே குடியானவர் களர் நிலத்துக்கு மருந்தாக இடுவது வேடிக்கையன்றோ! இறுகிய தொட்டிக்கும் அதுவே பரிகாரம்: மேல் மண்ணில் ஜிப்சம் கலந்து, மழை ஜலத்தால் நன்றாய் அலசி வடிய விடவேண்டும். பிறகு, சாஃப்ட்னருக்கு முன்னிருந்தே தோட்டத்துக்குத் தனிக் குழாய் எடுத்துக்கொள்க. கிணற்று ஜலம் உவர்ப்பாயிருந்தால் அதுவும் ஆகாது. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் ஜலத்தில் உப்பு செறிந்திருப்பதால், அதைத் தரை கழுவவே வைத்துக்கொள்க.

நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் ஜலமாகும். ஐப்பசி, கார்த்திகையில் இதை ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் சலவைக்கும் செடிக்கும் ஒருங்கே உதவும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய உறிஞ்சுகுழிகள் பல வீடுகளில் இன்னும் உள்ளன. சாஃப்ட்னரைக் கழுவுகையில் வெளிவரும் உப்புக் கரைசலை அக்குழியில் விடுகிறவர்கள் சிலர் இருக்கின்றனர். அது நேரே தங்கள் கிணற்றுக்கும் அண்டை வீட்டார் கிணற்றுக்குமே போய்ச் சேரும். அக்குழாயைக் கழிவுநீர்ச் சாக்கடையில் இணைக்கும்படி, கருவி பொருத்த வருபவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.