அயல்நாடு செல்லும் இளைஞர்க்கு

ஐதராபாத்தினின்று இளைஞர் பலர் மேற்படிப்பிற்காக அமெரிக்கா செல்கின்றனர். விசா வேண்டிச் சில்கூர் பாலாஜி கோயிலை 11 முறையும், கிடைத்தபின் 108 முறையும் சுற்றுவோர் உளர். சுற்றி முடிந்து விமானம் ஏறியபின் தனிவாழ்வு தொடங்குகிறது. அங்கே உலை வைப்பதும் வாடகை கொடுப்பதும் தம் பொறுப்பே. அவர்க்கு வழித்துணை யாது?

இராசகிருகத்தில், இறந்த தந்தையின் சொற்படி ஆறு திசைகளையும் வணங்கி நின்றான் சிகாலன் என்னும் இளைஞன். கிழக்கென்பது பெற்றோர், தெற்கென்பது ஆசிரியர். அவர்க்குரிய கடமையைச் செய்தலே திசை வணக்கம் என்று பகவான் புத்தர் அவனுக்கு உபதேசித்தார். வருவாயை நான்காகப் பகுத்து, ஒன்றை அனுபவிக்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், நான்காவதை ஆபத்துக்கு வைக்கவும் பணித்தார். ஆலைக்கூலி வாங்கிய அன்றே அதைக் கடன்காரரிடம் கொடுத்து நின்ற நாம், அந்நான்காம் பங்கின் அருமையைப் பிந்தியே உணர்ந்தோம்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1913இல், தம் 22ஆம் வயதில், பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அத்தொகையிலும் மிச்சம்பிடித்து இல்லத்திற்கு அனுப்பினார்.

தன் காலில் நிற்றல் பெற்றோரை மறத்தலன்று. ஏவுவாரின்றியே கடமை செய்தலாம். கடன்பட்டு அனுப்பிய பெற்றோர் இங்கே காத்திருக்கின்றனர். பிள்ளைகளே, காண்பாரில்லாத இடத்திலும் பஞ்சசீலத்தைக் காப்பீராக!