கல் தூசியும் ஒரு கணக்கும்

மாணவர்களே! புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில் மேலமலை மீது ஏறினால், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லால் எழுப்பப்பட்ட விசயாலய சோழீச்சுரத்தைக் காணலாம். அன்று உளிக்கு இசைந்த கருங்கல், இன்று இம்மாவட்டத்தில் பல இடங்களில் இயந்திரத்தில் ஜல்லியாக உடைபடுகிறது. வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி வேண்டும். பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. ஆனால் ஜல்லியுடன் தூசியும் பிறக்கிறது.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம் உண்டு. அதன் நுண்தூசியைப் பல்லாண்டு சுவாசிப்போருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். அதைத் தடுக்க முடியும். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. ஆலையை மூடினால் பிழைப்புப் போகும். அப்படியே விட்டால் மூச்சுப் போகும். இரண்டையும் காக்க வழி காண்பவரே சுற்றுச்சூழல் பொறியாளர்.

எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரான் விட்டமுள்ள கல்தூசித் துகள், அசையாத காற்றில் விநாடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கீழிறங்கும். 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு 625 விநாடிகள் ஆகும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினால், அதற்குள் துகள் 1,875 மீட்டர் சென்றுவிடும். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடமும் தப்பாது!

நீர் தெளித்தால் என்ன ஆகும்? ஸ்டோக்ஸ் விதிப்படி, நுண்துகள் விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஈரத்தால் துகள்கள் ஒட்டி 20 மைக்ரான் ஆனால் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்; செல்லும் தூரம் கால்பங்காகி, சுமார் 470 மீட்டராகக் குறையும். இன்னும் நுண்ணிய தூசிக்கு இயந்திரத்தைச் சுற்றிக் கூடு அமைத்து, காற்றை உறிஞ்சித் துணிப்பை வடிகட்டியில் செலுத்துவார்கள். காற்றுத்தடுப்புச் சுவரும் மரவரிசையும் துணைசெய்யும்.

இதைப் படிப்பது எங்ஙனம்? பிளஸ் டூ வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். சில கல்லூரிகளில் பி.இ. பட்டப்படிப்பே உண்டு. பலர் சிவில் பொறியியல் முடித்து, எம்.இ. வகுப்பில் இத்துறைக்கு வருகிறார்கள். கேட் நுழைவுத் தேர்விலும் 2021 முதல் இதற்குத் தனித்தாள் உள்ளது.

ஆலைகளுக்கு இசைவு வழங்கிக் கண்காணிக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் (1982), குடிநீர் வடிகால் வாரியம் (1971), நாகபுரியிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் (1958) ஆகியவை இப்பொறியாளர்கள் பணிபுரியும் இடங்கள். தோல், சாயத் தொழில்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அவர்களுக்கு வேலை உண்டு.

இனி ஒரு கேள்வி. துகள் 5 மைக்ரான் ஆனால், அதே காற்றில் எவ்வளவு தூரம் செல்லும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை உங்களைத் திடுக்கிட வைத்தால், இத்துறையில் உங்களுக்கு வேலை காத்திருக்கிறது என்று பொருள்.