தொட்டி கால்வாசி, பை முக்கால்வாசி

ஆனுவல் கில்லி வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது தொட்டியின் அளவைத்தான். 30 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க இறுக்கமான மூடி, இவை போதும் என்றால் முகம் வாடிவிடுகிறது. பெரிய ஏற்பாட்டை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். இந்த மீனைப் பொறுத்தவரை தொட்டியில் நடப்பது கால்வாசி வேலைதான். மிச்சம் முக்கால்வாசி, பீரோவுக்கு மேல் அட்டைப்பெட்டியில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குள் நடக்கிறது.

அந்தப் பெட்டியை ஒருநாள் தூசி தட்டப் போய் அம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, இந்தத் தேங்காத் தூளையெல்லாம் பொட்டலங் கட்டி எதுக்கு வெச்சிருக்கே?”

“மீனுங்கம்மா.”

“மீனா? தண்ணியில்லாமயா?”

தண்ணீர் இல்லாமல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கங்களில் மழைக்காலத்தில் தேங்கும் குட்டைகள் சில மாதங்களில் வற்றிவிடும். அந்தக் குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் இனக் கில்லி மீன்கள், தண்ணீர் இருக்கும்போதே பொரிந்து, வளர்ந்து, சேற்றுக்குள் முட்டையிட்டு, குட்டை வற்றும்போது செத்துப்போகின்றன. முட்டை மட்டும் அடுத்த மழை வரை மண்ணுக்குள் கிடக்கும். அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கம் ஆஸ்ட்ரோலெபியாஸ் இனத்துக்கும் இதே பிழைப்புதான்.

எல்லாக் குட்டையிலும் இது நடந்துவிடாது. நோத்தோ மீன்கள் கிடைக்கும் குட்டைகளின் அடியில் பெரும்பாலும் இருப்பது ஈரத்தில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண். நம் கோவில்பட்டிக் கரிசலும் அந்த மண் வகையைச் சேர்ந்ததுதான். மேலே வெடித்துக் கிடந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. முட்டை காய்ந்த மண்ணில் கிடக்கிறது என்று படிப்பவர்கள் ‘காய்ந்த’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பைக்குள் இருப்பதை வெயிலில் உலர்த்திவிடுகிறார்கள். முட்டைக்கு வேண்டியது கரிசலின் உள்ளீரம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நோத்தோக்களில் முதல் மீனாகக் குந்தேரியை எடுங்கள். சான்சிபார் தீவு மீன். ஆணுக்கு நீலப்பச்சை உடம்பு, சிவந்த வால். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், நன்றாக முட்டையிடும், முட்டையும் ஏறக்குறைய 3 மாதத்தில் தயாராகிவிடும். மொசாம்பிக்கின் பெய்ரா பக்கத்து ராக்கோவி அழகில் ஒரு படி மேல்தான், ஆனால் முட்டை 6 மாதம் வரை இழுக்கும். முதல் முறையே அவ்வளவு காத்திருந்தால் பாதிப் பேர் பையை மறந்துவிடுவார்கள். ஃபர்சேரி என்று ஒன்று உண்டு. 1968இல் ஜிம்பாப்வேயின் கோனாரெசூ பகுதியில் பிடிக்கப்பட்டது. அந்த வழி வந்த மீன்கள் 3, 4 மாதத்திலேயே கிழடுதட்டிவிடும். மூப்பை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஜெர்மனியில் யேனா, கொலோன் நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். வீட்டில் வைத்தால், நன்றாக இருக்கிறதே என்று நாம் ரசிக்கத் தொடங்கும்போது அதன் முதுகு வளையத் தொடங்கியிருக்கும்.

ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் என்று விடுங்கள். ஜோடியாக விட்டால் ஆண் பெண்ணை ஓய்வெடுக்க விடாது. முட்டையிட ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, மூடியில் மீன் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே 3 செ.மீ. உயரத்துக்கு ஊறவைத்த தென்னை நார்த் தூளைப் போட்டுத் தொட்டியின் மூலையில் வைத்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆண் துடுப்புகளை விரித்துக்கொண்டு பெண்ணின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். முதுகுத் துடுப்பைப் பெண்ணின் மேல் மடித்துப்போட்டு, இரண்டும் சேர்ந்து தூளுக்குள் அமுங்கும். ஒரு நடுக்கம். புகைபோலக் கொஞ்சம் தூள் எழும்பும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரே ஒரு முட்டை. உடனே அடுத்த சுற்று.

வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் இதற்குப் பீட் மாஸ் போடச் சொல்லும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் போகிற தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட், அதே வேலையைச் செய்யும். வெளிநாட்டிலும் பல கில்லிக்காரர்கள் அதற்கே மாறிவிட்டார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, குழாய்த் தண்ணீரின் அளவுக்குக் கிட்டே வரும்வரை அலசிக்கொண்டே இருங்கள். மண்ணில்லா விவசாயத்துக்கென்று ‘பஃபர்’ செய்த கட்டியைக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்திருப்பார்கள். அது வேண்டவே வேண்டாம், சாதாரணக் கட்டி போதும். அலசியதை ஒரு கொதி கொதிக்கவிட்டால் மிதக்காமல் அடியில் தங்கும். நீள நாரையெல்லாம் முன்னமே சலித்து எடுத்துவிடுங்கள். பின்னால் முட்டை தேடும்போது கண் தப்பும்.

வாரத்துக்கு ஒருமுறை டப்பாவை எடுத்து, தூளை மீன்வலையில் கொட்டிக் கையால் பிழியலாம். முட்டை நசுங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்த மணி விரல்களுக்கு நடுவே உருளும், உடையாது. அன்னப்பறவைக்குத் தீவனத்தோடு தென்னமெரிக்கக் கில்லி முட்டைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2019இல் வந்தது. எச்சத்தில் முழுசாக வந்தவை மிகச் சிலதான், ஆனாலும் அதில் ஒன்று பொரிந்து மீனாகியது. அப்பேர்ப்பட்ட ஓடு.

பிழிந்ததை நாளிதழ் மேல் பரப்பி, தாள் நனைந்தால் மாற்றி, ஒரு இரவு விடுங்கள். பதம் எதுவென்று எழுதிக் காட்டுவது கஷ்டம். புட்டுக்கு மாவு பிசிறுகிறோமே, பிடித்தால் பிடியாகி, தட்டினால் உதிர்வது, அதைவிட ஒரு சுற்று உலர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் தூள் பறக்கவும் கூடாது. ஜிப் பையில் போட்டு, கொஞ்சம் காற்றையும் விட்டு மூடுங்கள். உள்ளே இருப்பது மூச்சுவிடுகிற உயிர். மாதத்துக்கு ஒருமுறை திறந்து மூடினால் நல்லது. பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் அதிகம், மறுபடி தாளில் பரப்புங்கள்.

பைக்குள் நடப்பதை 1972இல் வூர்ம்ஸ் என்ற உயிரியலாளர் விளக்கமாக எழுதினார். முட்டைக்குள் கரு மூன்று இடங்களில் நின்று நின்று போகும். முதல் நிறுத்தத்தில் உடம்பே உருவாகியிருக்காது, செல்கள் மட்டும் சிதறிக் கிடக்கும். இரண்டாவதில் தண்டுவடத்தின் தொடக்கமும் இதயமும் இருக்கும், வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். மூன்றாவதில் குஞ்சு முழுசாகத் தயார், மழைக்கு மட்டும் காத்திருக்கும். இந்த நிறுத்தங்களுக்கு டயபாஸ் என்று பெயர். எல்லா முட்டையும் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை. ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகளில் சில நிற்காமலே ஓடும், சில மாதக்கணக்கில் உறங்கும். பருவம் தப்பி ஒரு மழை பெய்து, குட்டை நிறையாமலே காய்ந்துபோனால், அப்போது பொரிந்தவை சாகும், உறங்கியவை வம்சத்தைக் காப்பாற்றும்.

வீட்டில் இதைக் கொஞ்சம் நம் பக்கம் இழுக்க ஒரே கருவி வெப்பம். 20 டிகிரி பக்கம் குளிர்ச்சியில் வைத்தால் இரண்டாவது நிறுத்தத்தில் நெடுநாள் தங்கும். 28இல் வைத்தால் பல முட்டைகள் அதைத் தாண்டிப் போய்விடும். நம் ஊரில் பீரோ மேல் தட்டே இன்குபேட்டர். கோடையில் அங்கே வைத்த குந்தேரிப் பையைச் சொன்ன தேதிக்கு முன்பே பார்க்க ஆரம்பித்துவிட வேண்டும்.

தேதி என்றதும் லேபிள். இதில் நான் கறார். இனம், எந்த ஊர்க் குட்டையின் வழி வந்தது, முட்டை எடுத்த தேதி, நனைக்க வேண்டிய உத்தேசத் தேதி என நான்கும் பையில் இருக்க வேண்டும். பைக்கு மேல் மார்க்கரில் எழுதுவது கை பட்டு அழியும், பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றை உள்ளேயும் போடுங்கள். ராக்கோவி ‘பெய்ரா 98’ என்று வந்த மீனை அந்தப் பெயரோடுதான் கைமாற்ற வேண்டும். ஒரே இனமானாலும் வேறு குட்டை மீனோடு கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. ஒரு குட்டை வயலாகிப் போனால் அந்த வம்சம் தொட்டிகளில் மட்டுமே மிஞ்சலாம். இன்னொன்று, உறைக்குள் போட்டு அனுப்ப முடிகிறதே என்று வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைக்காதீர்கள். அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். உள்நாட்டில் வளர்ப்பவர்களிடமே வாங்கலாம்.

நனைக்கும் நாளைத் தேதி மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஒரு சிட்டிகைத் தூளை வெள்ளைத் தட்டில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். செத்தது வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கும். தெளிந்த தேன் நிறத்தில் ஒன்றுமே தெரியாமல் இருப்பது உறங்குகிறது. தயாரானதில் முட்டை முழுக்க ஒரு குஞ்சு சுருண்டு நிறைந்திருக்கும், கருவிழியைச் சுற்றிப் பொன் வளையம் மினுங்கும். சில சமயம் அந்தக் கண் நம் பக்கம் திரும்பும். பார்த்த முட்டைகளில் பாதிக்கு மேல் பொன் வளையம் இருந்தால் நனைக்கலாம். கண் வெறும் கறுப்பாக இருந்தால் பையை மூடிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். அவசரத்தில் நனைத்தால் குஞ்சு பொரியும், ஆனால் காற்றுப்பை நிரம்பாமல் வயிற்றால் தரையில் தவழும். அது கடைசிவரை எழும்பாது. நாள் கடந்து நனைத்தாலும் இதே கதிதான்.

அகலமான டப்பாவில் தூளைக் கொட்டி, 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரை விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். ஐஸ் கட்டிகளைத் தண்ணீர் பாட்டிலின் வெளிப்பக்கம் வைத்துக் குளிர வைத்தாலே ஆயிற்று. முட்டையைப் பொரிய வைப்பது தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதுதான் என்பதால், சிலர் ஒரு சிட்டிகை மீன்தீவனம் தூவிக் கிருமி பெருக விடுவார்கள். ஸ்ட்ரா வைத்து ஊதுகிறவர்களும் உண்டு. தயாரான முட்டைக்கு இந்த வித்தையெல்லாம் தேவைப்படுவதில்லை. சில மணி நேரத்தில் தூளுக்கு மேல் கண்கள் ஓடும்.

குஞ்சுகளுக்கு அன்றைக்கே சாப்பாடு வேண்டும். குந்தேரிக் குஞ்சு பொரிந்தவுடனே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சைப் பிடித்துத் தின்னும், வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆர்ட்டீமியா முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் மீன் முட்டையை நனைப்பதற்கு முந்தின நாளே லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு போட்டு, ஏர் பம்ப் வைத்து ஆர்ட்டீமியாவை ஊறப்போட வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் வயிறு முட்டக் கொடுத்து, தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் மூன்றாவது வாரத்தில் ஆண்களுக்கு நிறம் ஏறும், ஐந்தாறு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். மொசாம்பிக்கின் குட்டைகளில் ஃபர்சேரி பொரிந்த இரண்டே வாரத்தில் பருவத்துக்கு வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்குத் தீனியில் கஞ்சத்தனம் காட்டினால் சூம்பிப்போகும்.

பெரிய மீன்களும் குருணைத் தீவனத்தை அவ்வளவாகச் சீண்டாது. மொய்னா, உறைந்த பிளட்வோர்ம் கொடுங்கள். கடையில் கிண்ணத்தில் விற்கும் சிவப்புப் புழு சாக்கடையிலிருந்து வருவது. என் வீட்டுப் படி ஏறாது. நோத்தோக்களைப் பிடிக்கும் பெரிய நோய் வெல்வெட். மீனின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பொன்துகள் தூவியதுபோல் தெரியும், மீன் துடுப்பைச் சுருக்கி ஓரமாக நிற்கும். வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட, முதலிலிருந்தே லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போட்டு வைப்பது சுலபம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் அவ்வளவு மென்மை, கூடவே அமிலம் இறக்கும் தூளும் சேர்ந்தால் பிஹெச் மளமளவென்று விழும். நான் போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்கிறேன்.

மீன் மிஞ்சினால் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே தலையில் வெள்ளைப் பொட்டோடு நம் ஊர்க் கில்லிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

குஞ்சுகளை அள்ளியபின் டப்பாவில் மிஞ்சிய தூளைத் தொட்டிச் செடிக்குக் கொட்டிவிடுகிறார்கள் பலர். பாதி முட்டை அதில்தான் உறங்குகிறது. மறுபடி பிழிந்து, தாளில் உலர்த்தி, அதே பையில் போட்டு, சீட்டில் ‘இரண்டாம் நனைப்பு’ என்று மூன்று, நான்கு வாரம் தள்ளித் தேதி போடுங்கள். முதல் நனைப்பைவிட இரண்டாவதில் அதிகம் பொரிந்த பைகள் உண்டு. அதற்குப் பின்னும் லென்ஸில் தெளிந்த முட்டை தெரிந்தால் மூன்றாவது தடவையும் நனைக்கலாம். நனைக்கும் நாளை மட்டும் வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு நாளும் ஆர்ட்டீமியா வடிகட்ட வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.