நீச்சலும் குதிரைச் சவாரியும் - ஓர் அரைநாள் பாடம்

 

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் மனைவி மக்களோடு வெளியூரும் வெளிநாடும் சென்று வரும் வழக்கம் நம்மவரிடையே பெருகி வருகிறது. நம் பாட்டன்மார் கப்பலேறிப் பிழைப்புக்காகச் சென்ற மலாய் மண்ணுக்கு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விமானத்தில் ஏறி உல்லாசமாகச் செல்கிறார்கள். பினாங்கில் இறங்கி, நம் முன்னோர் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அங்கிருந்து வடக்கே லங்காவித் தீவுக்குப் போகிறவர்களும் பலர்.

இத்தகைய உல்லாசப் பயணம் கூடுமா, கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கூடும். ஆனால் கூடும் என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. லங்காவியில் ஓர் அரைநாளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, மார்க்கம் நமக்கு இதில் என்ன கற்பிக்கிறது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

ஏழு கிணறுகள்

லங்காவி, நம் முன்னோர் கடாரம் என்றழைத்த கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் மேற்குப் பக்கத்தில் மாட் சின்சாங் மலை இருக்கிறது. அந்த மலையின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று நிலவியல் அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். 2007-ல் லங்காவி உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் இச்சிறப்பை முதலில் பெற்ற இடமும் அதுவே.

அந்த மலையில் தெலாகா துஜூ என்றோர் அருவி உண்டு. மலாய் மொழியில் இதற்கு ஏழு கிணறுகள் என்று பொருள். 600-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் சென்றால், ஓடைநீர் பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஏழு சுனைகளைக் காணலாம். ஒன்று நிறைந்து அடுத்ததில் வழிய, கடைசியில் நீர் செங்குத்தான பாறையில் அருவியாக விழுகிறது. மலைக்காட்டின் நிழலும் குளிர்ந்த நீரும் கண்டவர் உள்ளத்தைக் கவரும். சுற்றுலா வருவோருக்குக் காட்டுப் பாதையிலும் கடலோரத்திலும் குதிரைச் சவாரி நடத்துவதும் இத்தீவில் வழக்கம். ஆக, காலையில் புறப்பட்டால் சவாரியும் நீச்சலுமாக ஓர் அரைநாள் இனிதே கழிந்துவிடும்.

இது வீண் விளையாட்டா?

தாபியீன்களில் ஒருவரான அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கண்ட ஒரு காட்சியை இமாம் நஸாயீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி), ஜாபிர் இப்னு உமைர் (ரலி) என்னும் இரு நபித்தோழர்கள் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் களைத்து உட்கார்ந்துவிட்டார். "சோர்ந்து விட்டீரா?" என்று கேட்ட மற்றவர், நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதை நினைவூட்டினார். அல்லாஹ்வின் நினைவு இல்லாத செயல்கள் வீண் எனினும், நான்கு மட்டும் அதில் சேரா. அம்பெய்து பழகுவது, குதிரையைப் பழக்குவது, மனைவியோடு அளவளாவி மகிழ்வது, நீந்தக் கற்பது என்பவையே அந்நான்கு என்பது அதன் கருத்து.

சகோதரர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குதிரை மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அங்கே சொல்லப்படவில்லை. குதிரையைப் பழக்குவது சொல்லப்பட்டிருக்கிறது. நீரில் காலை நனைத்துக் கூச்சலிடுவது சொல்லப்படவில்லை. நீந்தக் கற்பது சொல்லப்பட்டிருக்கிறது. கற்பதும் பழகுவதுமே அவற்றை வீணிலிருந்து பிரிக்கின்றன.

நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்சியளிக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவே. இயலாத பிராணியின் மீது இயலாத தூரம் சுமத்தப்படவில்லை. விளையாட்டிலும் எத்துணை நீதி, பார்த்தீர்களா!

வக்தை முன்வைத்து நேரம் வகுப்போம்

மலேசியாவின் மேற்குப் பகுதியில் 1982 ஜனவரி முதல் நாளன்று கடிகாரம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. லங்காவியோ அந்நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டியது. ஆகவே அங்கே சூரியன் உச்சி சாய்வது தாமதம். லுஹர் வக்து, மாதத்திற்கேற்ப, பகல் ஒரு மணிக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில் நுழைகிறது. மஃரிப், மாலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர் சவாரியும் நீச்சலும் முடித்து, லுஹரின் ஆரம்ப வக்திலேயே தொழுதுவிடலாம். பிற்பகலில் புறப்பட்டவருக்கோ அஸரும் மஃரிபும் குறுக்கே வரும். ஈர உடையோடு மலைப்படியில் நின்றுகொண்டு, "அறைக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்னும் எண்ணம் தலைதூக்கும். எனவே காலையே ஏற்றது.

தமிழகத்திலிருந்து சென்றவர் அங்கே முஸாபிர். சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்க எண்ணாதவர் ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ராகத் தொழலாம்; லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்குபவருக்குக் கஸ்ரே முறை. ஆனால் இவ்வாறு சேர்த்துத் தொழுவதற்கு இடமில்லை. அத்தீவிலேயே குடியிருப்பவர் அரைநாள் உல்லாசமாகச் சென்று வருவதால் முஸாபிர் ஆகிவிட மாட்டார்.

நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் நபில் தொழுகையை வாகனத்தின் மீது அமர்ந்தே தொழுதிருக்கிறார்கள். பர்ளு வந்தபோதோ இறங்கி, கிப்லாவை முன்னோக்கித் தொழுதார்கள். அவசரப் பயணியும் பர்ளுக்காக இறங்க வேண்டுமெனில், உல்லாசப் பயணிக்குச் சாக்கு ஏது?

முதலில் சவாரி, பிறகு நீச்சல் என்று வைத்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறுமுன் சவாரி முடிந்தால் குதிரைக்கும் இதம். நனைந்த உடையோடு சேணத்தில் உட்கார்ந்தால் தொடை உராய்ந்து புண்ணாகும், அதுவும் தவிர்க்கப்படும். குதிரையின் வியர்வையும் வாய்நீரும் சுத்தமானவையே. சாணமும் சிறுநீரும் உடையில் பட்டிருந்தால் கழுவிவிட வேண்டும். சுனையின் ஓடும் நீரில் ஒளூச் செய்யலாம். நீந்தியதே போதும் என்றிராமல், நிய்யத்தோடு முறைப்படி ஒளூச் செய்துகொள்வதே பேணுதல்.

வாயில்லா ஜீவன்

முதுகோடு வயிறு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், வாய்பேசா இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறும், அவை நலமாயிருக்கும்போதே ஏறிச் செல்லுமாறும் எச்சரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. வாடகை கொடுத்துவிட்டோம் என்பதால் இந்தப் பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடாது.

ஆகவே ஏறுமுன் பாருங்கள். சேணத்தின் கீழ் புண் இருக்கிறதா? கால் தாங்கி நடக்கிறதா? விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? அருகில் தண்ணீர் வைத்திருக்கிறார்களா? ஏறுபவரின் எடையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது குதிரை வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான அளவு. குறை கண்டால் பணிவாகச் சொல்லி வேறு குதிரை கேளுங்கள், இல்லையேல் ஏறாதீர்கள்.

பின்புறமாக அதனிடம் செல்லலாகாது, உதைத்துவிடும். தலைக்கவசம் இன்றி ஏறலாகாது. அங்கவடியில் முன்பாதம் மட்டும் பதிய, குதிகால் தாழ்ந்திருக்கட்டும். விழ நேர்ந்தாலும் கால் சிக்கி இழுபடாது. ஏறியதும் வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதிக்கொள்ளுங்கள். இத்துணை பலமுள்ள பிராணியை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் யார் என்பதை மறவாதிருக்கவே அந்த துஆ.

நீரின் அபாயம்

இனி மிக முக்கியமானதைச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தார்கள். அவர்களில் சுமார் கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்!

மலைச் சுனைகளில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. மலாய் மக்கள் அதை 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீர்த்தலை என்று பொருள். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையுச்சியில் பெய்த மழை திடீரெனத் திரண்டு வந்து எல்லாவற்றையும் அடித்துச் செல்லும். 2021 ஆகஸ்டில் அதே கெடா மாநிலத்தின் ஜெராய் மலையிலிருந்து இவ்வாறு இறங்கிய வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, பையையும் செருப்பையும் தேடாதீர்கள். பிள்ளைகளைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பாசி படிந்த பாறை வழுக்கும். ஏழு கிணறுகளில் வழுக்கியவர் அருவியின் விளிம்பு வரை போய்விடக்கூடும். வேலி போட்டிருக்கும் இடத்தைத் தாண்டலாகாது. சிறு பிள்ளைகள் எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே இருக்கட்டும். ஒருவர் தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் பாசத்தால் உந்தப்பட்டுக் குதிக்க வேண்டாம்; ஒரு ஜனாஸா இரண்டாகிவிடும். கயிறோ, முறுக்கிய துணியோ, நீண்ட கம்போ வீசுங்கள். மூடிய வெறும் பிளாஸ்டிக் கேன் கூட மிதவையாகும்.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளின் அணியில் சேர்வார் என்னும் நபிமொழி, இழந்து தவிக்கும் பெற்றோருக்கு ஆறுதல். அது கவனக்குறைவுக்குச் சொல்லப்பட்ட சாக்கு அன்று. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்பது திருமறையின் கட்டளை அல்லவா?

நம் பெண்மக்கள்

ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தே நீரில் இறங்க வேண்டும். பெண்களுக்கு அந்நியர் பார்வை படாத இடமும், உடலோடு ஒட்டாத தடித்த உடையும், மஹ்ரமின் துணையும் வேண்டும். கெடாவில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. அந்நாட்களில் சுனைகளில் கூட்டம் மிகும். மற்ற நாட்களின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்தால் ஹயாவைப் பேணுவது எளிது.

ஆனால் இதைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளைக் கரையில் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிடுகிறோமே, அது சரிதானா? உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். கடற்பயணம் மேற்கொள்ளும் வீரர்களோடு தாமும் சேர துஆச் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டிக்கொண்ட மாதரசி அவர்கள். ஹிஜ்ரி 28-ஐ ஒட்டி சைப்ரஸ் தீவுக்குக் கடல் கடந்து சென்றார்கள். கரை சேர்ந்தபின் வாகனத்திலிருந்து விழுந்து வபாத்தானார்கள். அவர்களுடைய அடக்கத்தலம் லார்னகா நகரருகே இன்றும் இருக்கிறது. கடலையும் வாகனத்தையும் அஞ்சி ஒதுங்காத அந்தத் தாயை மதிக்கும் நாம், நம் மகளுக்கு நீந்தக் கற்றுத் தராதிருப்பது எந்த வகையில் நியாயம்? வெள்ளம் ஆண், பெண் பார்த்து வருவதில்லை.

திரும்பி வந்தபின்

ஓர் அரைநாளில் எவரும் நீச்சல்காரர் ஆவதில்லை; குதிரை வீரரும் ஆவதில்லை. அந்த அரைநாள் நமக்குக் காட்டித் தருவது நம் குறையைத்தான். நெஞ்சளவு நீரில் பிள்ளை நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறதே, அதுவே நாம் வீட்டுக்குக் கொண்டு வரவேண்டிய பாடம்.

நம்மவர் ஊர்களில் பல கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் அமைந்தவை. கடலையே வாழ்வாகக் கொண்ட மரைக்காயர்களின் பேரப்பிள்ளைகள் நீரைக் கண்டு அஞ்சலாமா? ஊர் திரும்பியதும், நன்கு நீந்தத் தெரிந்த பெரியவரிடம் பையன்களை ஒப்படையுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டும் கூடும் நேரத்தில், மறைவான குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ, தெரிந்த பெண்மணியைக் கொண்டு கற்பியுங்கள். ஜமாஅத்தார் ஒன்றுகூடி முயன்றால் இது பெரிய காரியமே அல்ல. அப்போதுதான் அந்த அரைநாள் வீண் பொழுதாகாமல், நன்மையின் தொடக்கமாகும்.

வக்து தவறாமலும், பிராணிக்கு அநீதி இழைக்காமலும், நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட உயிர்களைப் பேணியும் நம் மகிழ்ச்சிகளை அமைத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.