புது வண்டிக்குக் கிரவுன் ஆயில் எப்போது?

கேள்வி: ஐயா, நான்கு மாதத்துக்கு முன்பு புதிதாக ஒரு பிக்கப் எடுத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, வாரம் மூன்று நடை உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய் வருகிறேன். இப்போது 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிரவுன் ஆயிலை 40,000-இல் மாற்றினால் போதும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரிலும் அதையேதான் சொல்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனோ, “புது வண்டிக்கு 5,000-லேயே மாத்தியிருக்கணும் தம்பி, உள்ள பூராவும் இரும்புத்தூள் நிக்கும்” என்கிறார். டீசல் விட்டு அலசி, 140 ஆயில் ஊற்றிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஆயிலை மாற்றவேண்டும் என்ற வரையில் மெக்கானிக் சொல்வது சரி. இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆனால் டீசல் அலசலும் வேண்டாம், 140-உம் வேண்டாம்.

புத்தகத்தில் இருப்பது பொய்யில்லை. தொழிற்சாலையில் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தையும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தையும் ஜோடி சேர்த்து ஒன்றோடொன்று தேய்த்துப் பதம் பார்த்துத்தான் பூட்டுகிறார்கள். சமவெளியில், அளவான லோடோடு ஓடும் வண்டி முதல் ஆயிலிலேயே 40,000 தாண்டிவிடும். அந்தக் கணக்கு சராசரி வண்டிக்குப் போட்டது. உங்கள் வண்டி பழகவேண்டிய நாளிலேயே லோடை ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள பினியன், கிரவுனின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் வந்தது. ஷாஃப்ட் தாழ்வாகப் போவதால் காரின் தரையையும் தாழ்வாக வைக்க முடிந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பல்லோடு பல் உருண்டு மட்டும் போகாமல், அழுத்தத்தோடு வழுக்கி உரசிக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் கிரவுன் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். சூடேறும்போது அது இரும்பின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து பல்லைக் காக்கிறது. ஃபில்லர் ப்ளக்கைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இந்தக் கந்தகத்துடையதுதான்.

புதுப் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கும். முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் அவை சீவப்பட்டுத் தூளாக ஆயிலில் கலக்கும். இன்ஜினில் இப்படி வருவதைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது. கிரவுனுக்கு அது கிடையாது. ட்ரெயின் ப்ளக்கில் காந்தம் இருந்தால் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும். மிச்சம், கிரவுன் வாரி இறைக்கும் ஆயிலோடு சேர்ந்து பினியன் பேரிங்குக்குள்ளும் போய் வரும். வெளிநாட்டில் கிரவுன், பினியனைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறவர்களுக்கு அதைச் செய்து விற்கும் நிறுவனங்களே முதல் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. அதுவரை கனமான பாரம் இழுக்க வேண்டாம் என்றும், தொடக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டுப் பிறகு ஓட்டுங்கள் என்றும் சொல்வார்கள். கம்பெனியிலேயே பூட்டி வரும் ஆக்சிலுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. என்றாலும் லோடு வண்டியில் முதல் ஆயிலை 5,000-இலிருந்து 10,000-க்குள் ஒருமுறை இறக்கிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். இந்த அளவு வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு லிட்டருக்குள்தான் பிடிக்கும். கிரவுன், பினியன் செட் மாற்றுகிற செலவையும், வண்டி நிற்கும் நாட்களில் போகிற நடையையும் நினைத்தால் இந்த ஆயில் செலவு ஒரு காசே இல்லை.

டீசல், மண்ணெண்ணெய் விட்டு அலசும் பழக்கம் நம் பட்டறைகளில் வெகுநாளாக இருக்கிறது. ஆனால் கிரவுன் இருக்கும் கூடான ஹவுசிங்கின் மூலைமுடுக்கில் தங்கிய டீசல் முழுதாக வடியாது, புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். சூடாக இருக்கும்போது நன்றாக வடியவிட்டாலே போதும். 140 என்பது கெட்டி ரகம். சில கனரக ஆக்சில்களுக்குக் கம்பெனியே 85டபிள்யூ-140 சொல்வதுண்டு. உங்கள் புத்தகத்தில் அது இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். 80டபிள்யூ-90 என்று இருந்தால் அதுதான். மூணாற்றின் விடியற்காலைக் குளிரில் கெட்டி ஆயில் பினியனின் முன் பேரிங்கை எட்டத் தாமதமாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

டப்பாவில் நீங்கள் பார்க்கவேண்டிய எழுத்து இன்னொன்று உண்டு: ஜிஎல்-5. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஜிஎல்-4 ஆயிலும் அதே 80டபிள்யூ-90 என்ற எண்ணோடு அதே அலமாரியில் நிற்கும். ‘ரெண்டும் கியர் ஆயில்தானே’ என்று அதை எடுத்துக் கிரவுனில் ஊற்றிவிடுவார்கள். ஜிஎல்-4-இல் அந்த மருந்தின் அளவு குறைவு, ஹைபாய்டு பல்லுக்கு அது போதாது. ஜிஎல்-4 கேட்கிற கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதும் தப்பு. சில ஜிஎல்-5 ஆயில்கள் உள்ளேயிருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்கென்று புத்தகம் சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டி நன்றாக ஓடி வந்த சூட்டோடு சமதரையில் நிற்கவேண்டும். முதலில் மேலே உள்ள ஃபில்லர் ப்ளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அது இறுகிப்போய்க் கழலாமல் இருக்க, கீழே ஆயிலையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கவேண்டியதுதான். ட்ரெயின் ப்ளக் கைக்கு வந்ததும் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் குழம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது வண்டிக்கு அது சகஜம். விரலில் குத்துகிற சிராய்களோ, பல்லின் துணுக்கோ இருந்தால் அந்த ப்ளக்கைத் துடைக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு உதவும். வாஷர் புதிதாகப் போடட்டும். ஃபில்லர் ஓட்டையின் விளிம்புவரை ஊற்றி, நூலாக வெளியே ஒழுகி நிற்கும்போது மூடவேண்டும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். ஆயில் மிஞ்சினாலும், ஹவுசிங்கின் தலையில் இருக்கும் பிரீதர் மூடி சேற்றால் அடைபட்டாலும், அது ஆக்சில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்விடும். மலை இறங்குகிற வண்டிக்கு அது ஆபத்து.

இதை மெக்கானிக்கிடம் செய்யாமல் சர்வீஸ் சென்டரிலேயே காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். “இப்ப தேவையில்லை சார்” என்பார்கள். ‘கஸ்டமர் கேட்டதால்’ என்று ஜாப் கார்டில் எழுதி மாற்றித்தரச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்வரை பில் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த மாற்றத்துக்கு 40,000 வரை காத்திருக்க வேண்டாம். மலையும் லோடும் உங்களுக்கு அன்றாடம் என்பதால் அதில் பாதி, 20,000-க்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கே கிடையாது: ஆக்சில் மூழ்கும் தண்ணீர். 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வந்த மாதிரி வெள்ளத்தில் வண்டி நின்றாலோ, ஓடையில் இறங்கினாலோ, சூடாக இருந்த ஹவுசிங் சட்டென்று குளிரும்போது பிரீதர் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பால் கலந்த காபி மாதிரி ஆயில் வெளுத்திருந்தால் அன்றே மாற்றவேண்டும்.

சத்தம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் இந்த நடையில் கவனித்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றுபோனால், அல்லது கொண்டை ஊசி வளைவில் மட்டும் ‘டக் டக்’ என்று கேட்டால், எந்த ஆயில் ஊற்றினாலும் அது போகாது. ஆயில் மாற்றப் போகும்போதே சர்வீஸ் சென்டர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, அந்தப் புகாரை அதே ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள்.