கேட்டுப் படிக்கும் மாணவனுக்காக ஓர் ஒலிப்பதிவு மூலை

"வழிமண்டலமா, வளிமண்டலமா டீச்சர்?"

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. பார்வைத்திறன் குறைபாடுள்ளவன். பாடங்களைக் காதால் கேட்டு, பிரெயிலில் குறிப்பெடுத்துக்கொள்வான். பக்கத்து இருக்கை நண்பன் மாலையில் வாசித்துக் காட்டுவான். அதைச் செல்பேசியில் பதிந்து கொடுத்திருந்தேன். பதிவைப் போட்டுக் கேட்டேன். மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே ஒலித்தன. தமிழாசிரியையான எனக்கே வேறுபாடு தெரியவில்லை. கேட்டதைத்தானே அவன் எழுத முடியும்?

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லட்டுமா?" என்றேன். "வேணாம் டீச்சர். அவனும் படிக்கணும்ல" என்றான். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது.

செய்தி அறிந்த முன்னாள் மாணவர் ஒருவர், ஒரு மைக்கும், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியும் வாங்கித் தந்தார். எங்கள் பள்ளி மடிக்கணினியில் இருப்பதோ உபுண்டு லினக்ஸ். பெட்டியின் அட்டையில் விண்டோஸ், மேக் என்ற பெயர்கள் மட்டுமே இருந்தன. "லினக்ஸில் வேலை செய்யாது" என்றே பலரும் சொன்னார்கள். வேலை செய்தது. ஆனால் அதற்குள் நான் நான்கு தவறுகள் செய்தேன். நீங்கள் அவற்றைச் செய்யாமலிருக்கவே இக்கட்டுரை.

பெட்டி என்ன செய்கிறது?

மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம். பெட்டி அதைப் பெருக்கி, வினாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாகப் பதிய, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். 44,100 என்ற எண் அதனால்தான்.

இத்தகைய பெட்டிகள் கணினியுடன் பேசுவதற்கு 'யுஎஸ்பி ஆடியோ கிளாஸ்' என்ற பொதுவிதி இருக்கிறது. அதைப் பின்பற்றும் பெட்டிக்கு லினக்ஸில் தனி மென்பொருள் நிறுவவேண்டியதில்லை. தேவையான டிரைவர் லினக்ஸின் கெர்னலிலேயே இருக்கிறது. ஆகவே வாங்கும்போது 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். லினக்ஸ் என்ற பெயர் அட்டையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

முதல் தவறு: கேபிள்

பெட்டியைச் செருகினேன். விளக்கு எரிந்தது. கணினியில் எதுவும் தெரியவில்லை. டிரைவர் இல்லை என்று முடிவுகட்டி, ஒரு மாலை முழுவதும் தேடினேன். உண்மையில் நான் பயன்படுத்தியது செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கேபிள். அவற்றுள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு செல்லும் கம்பிகள் இருக்கா. எனவே விளக்கு எரிவது இணைப்புக்குச் சான்றல்ல.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில் எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். இணைந்துள்ள யுஎஸ்பி கருவிகளின் பட்டியல் வரும். பெட்டியைக் கழற்றி ஒருமுறை, செருகி ஒருமுறை பாருங்கள். ஒரு வரி கூடினால் கேபிள் சரி. கூடாவிட்டால் கேபிளையோ துளையையோ மாற்றுங்கள். பல கருவிகள் தொங்கும் யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து, கணினியிலேயே நேரடியாகச் செருகுவது நல்லது.

அடுத்து, 'ஏரெக்கார்ட்' என்ற கட்டளை: ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்தையும் 'ரெக்கார்ட்' என்ற சொல்லையும் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் சிறிய 'எல்' எழுத்தும் இடவேண்டும். ஒலி பதியக்கூடிய கருவிகளை இது காட்டும். அதில் பெட்டியின் பெயர் இருந்தால் டிரைவரும் சரி. இனிச் சிக்கல் எதுவானாலும் அது அமைப்பில்தான்.

இரண்டாம் தவறு: எந்த மைக்?

புதிய கேபிள் போட்டதும் பெட்டி பட்டியலில் வந்தது. மகிழ்ச்சியில் ஒரு பாடம் முழுவதையும் பதிந்தோம். கேட்டால் அதே மின்விசிறி! கணினி பதிந்தது புது மைக்கை அல்ல, மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் மைக்கை.

செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குச் சென்று, இன்புட் என்ற இடத்தில் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மைக்கின் மேல் விரலால் மெல்லத் தட்டுங்கள். அளவுக்கோடு துள்ள வேண்டும். மடிக்கணினியின் உடலில் தட்டும்போது துள்ளினால், தேர்வு தவறு. இந்த ஒரு நிமிடச் சோதனையை இப்போது ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் மாணவர்களே செய்கிறார்கள்.

பதிவுக்கு ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதைத் திறந்த பிறகு பெட்டியைச் செருகினால் அதற்குப் பெட்டி தெரியாது. மூடித் திறக்கலாம், அல்லது 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுக்கலாம். பதிவுக் கருவியாக 'பல்ஸ்' அல்லது 'டிஃபால்ட்' என்பதை வைத்தால், செட்டிங்ஸில் தேர்ந்த மைக்கையே அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் தவறு: 48 வோல்ட்

பெட்டியைத் தேர்ந்த பின்னும் கோடு அசையவில்லை. எங்களுடையது கண்டென்சர் மைக். அது இயங்க மைக் கேபிள் வழியே 48 வோல்ட் தரவேண்டும். பெட்டியில் '48' என்று எழுதிய பொத்தான் அதற்குத்தான். ஒலிக் குமிழைக் குறைத்துவிட்டு அதை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்ஃபோனில் பலத்த சத்தம் வரும். மேடைகளில் கையில் பிடித்துப் பேசும் டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை.

பிறகு குமிழை மெல்லத் திருப்பி, மாணவர் இயல்பான குரலில் வாசிக்கும்போது ஆடாசிட்டியின் அளவுகோல் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி வைத்தோம். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி சிதையும். சிதைந்ததைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

நான்காம் தவறு: ஒரு காது

இதைக் கண்டுபிடித்தவன் அம்மாணவனே. "நல்லா இருக்கு டீச்சர். ஆனா இடது காதுல மட்டும்தான் கேக்குது."

எங்கள் பெட்டியில் இரண்டு உள்ளீடுகள். முதலாவது இடப்புறமாகவும், இரண்டாவது வலப்புறமாகவும் பதிவாகும். முதலாவதில் மட்டும் மைக் இருந்ததால் வலப்புறம் வெறுமை. பதியும்போதே 'மோனோ' என்று வைத்தால் இது நேராது. ஏற்கெனவே பதிந்தவற்றில், தடத்தின் பட்டியலில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, வெறுமையான தடத்தை நீக்கினோம். வாசித்தவர்கள் மீண்டும் வாசிக்க நேரவில்லை.

வாசிப்பவர் தடுமாறினால்

ஹெட்ஃபோனில் தம் குரலைக் கேட்டபடி வாசித்த மாணவி அடிக்கடி தடுமாறினாள். குரல் கணினிக்குள் சென்று திரும்பத் தாமதமாகிறது. கணினி 1,024 அளவீடுகளைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்று கொள்வோம். 1,024-ஐ 44,100 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 மில்லி வினாடி. காற்றில் ஒலி அந்நேரத்தில் ஏறத்தாழ 8 மீட்டர் செல்லும். உள்ளே போக ஒரு தாமதம், வெளியே வர ஒரு தாமதம். பெட்டியில் உள்ள 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானை அழுத்தி, ஆடாசிட்டியில் குரலை உடன் ஒலிக்கச் செய்யும் வசதியை நிறுத்தினோம். குரல் கணினியைச் சுற்றாமல் நேரே காதுக்கு வந்தது. தடுமாற்றம் நின்றது. இக்கணக்கை ஒலியியல் பாடம் நடத்தும்போது எங்கள் அறிவியல் ஆசிரியர் வகுப்பில் போட்டுக் காட்டினார்.

இப்போது

நூலக அறையின் ஒரு மூலையில், புத்தக அலமாரிகளுக்கு இடையே, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிகிறோம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். ஐந்து மாணவர்கள் முறைவைத்து வாசிக்கிறார்கள். ஒரு பாடத்தை ஒருவர் ஒருமுறை வாசித்தால் போதும். 64 கிலோபிட் மோனோ எம்பி3 ஆகச் சேமித்தால், 15 நிமிடப் பாடம் ஏறத்தாழ 7 எம்பி. நூறு பாடங்கள் ஒரு சிறிய பென்டிரைவில் அடங்கிவிடும்.

இன்னொரு பயனும் கிடைத்தது. தம் குரலைத் தெளிவாகக் கேட்ட மாணவர்கள், ழகரத்தை எங்கே நழுவவிடுகிறோம் என்பதைத் தாங்களே கண்டுகொண்டார்கள். நான் திருத்துமுன் "இன்னொரு தடவை வாசிக்கிறேன் டீச்சர்" என்கிறார்கள். பதிவைக் கடைசியாகக் கேட்டு ஒப்புதல் தருபவன் அம்மாணவன்தான். அவன் சரியென்றால்தான் அது பென்டிரைவுக்குப் போகும்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் சமூக அறிவியல் பாடங்களை முடித்துவிட்டோம். நண்பன் மாலை நேரத்தில் தன் பாடத்தைப் படிக்கிறான். அருகில் அமர்ந்து இவன் கேட்கிறான்.

உங்கள் பள்ளியில் இதைத் தொடங்க விரும்பினால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: கேபிள், கருவிப் பட்டியல், மைக் தேர்வு, 48 வோல்ட், ஒலி அளவு, மோனோ. ஒவ்வொன்றையும் உறுதிசெய்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். அரை நிமிடம் பதிந்து, யாருக்காகப் பதிகிறீர்களோ அவரிடமே முதலில் கொடுத்துக் கேளுங்கள். என் காதுக்குப் பிடிபடாத குறையை அவன் காதுதான் பிடித்தது.