காட்சியும் தொகுப்பும்

திரைப்படத்திற்கு எழுத்துப் போன்றது காட்சித் துண்டு. புணர்ச்சி போன்றது படத்தொகுப்பு. 1948-இல் வெளிவந்த எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'வில், முரசு நடனத்தின் பரப்பு முழுதும் புலப்படுவது சேய்மைக் காட்சி. ஒருவரை இடுப்பளவில் காட்டுவது இடைநிலைக் காட்சி. முகத்தை மட்டும் காட்டுவது அண்மைக் காட்சி. தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவன மாணவர்க்கு இவை அரிச்சுவடி.

அருமை தொகுப்பிலேயே உள்ளது. தாம்பரம் இரயில் நிலையத்தில் ஒரு தாய் கண்ணீர் உகுப்பதை அண்மையில் எடுத்ததாகக் கொள்வோம். மகன் ஏறிய வண்டி அகல்வதை அதற்குமுன் ஒட்டினால், அது பிரிவுத் துயர். மகன் வண்டியினின்று இறங்குவதை ஒட்டினால், அதுவே உவகைக் கண்ணீர். நடித்தவர் அழுததோ ஒருமுறைதான்!

முன்னர்ப் படச்சுருளை வெட்டி ஒட்டினர். இன்று அவ்வேலை கணினியில் நடைபெறுகிறது. ஆயினும், அத்தாயின் முகத்தை எத்தனை நொடி நிறுத்துவது என்பதைத் தொகுப்பாளர் தம் கண்ணாலேயே அளந்து முடிவு செய்கிறார்.